காஜாக்காரிக்கு இல்லாத சுரப்பி

அந்தக் கருத்தரிப்பு ஆஸ்பத்திரியில் இதுவரை ஓர் ஆணுக்குக்கூட நோய் வந்ததில்லை. இதை அவர்களே வாசலில் எழுதி வைத்திருந்தார்கள், அதுவும் பித்தளை எழுத்தில்: ‘இங்கே எந்தக் கணவரும் தலைகுனிந்ததில்லை.’ அதைப் படித்துவிட்டு உள்ளே நுழையும் கணவர்களுக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருக்கும். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வரும் மனைவிகள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை போடுகிற மெஷின்காரி ஒருத்தி ஒருநாள் அந்த எழுத்துக்குக் கீழே வந்து நின்றாள். அந்தத் துளைக்குக் காஜா என்று பெயர். அதனால் தொழிற்சாலையில் அவளுக்குக் காஜாக்காரி என்று பெயர். கூட வந்தவர் அவள் கணவர், லாரி ஓட்டுபவர். பெற்ற தாய் உட்பட எல்லோரும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தாயும் வந்திருந்தாள். மருமகளுக்கு என்ன குறை என்று தன் காதால் கேட்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. அது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று காஜாக்காரிக்குத் தெரியும். டிரைவர் லாரியிலிருந்து இறங்கினால் கொஞ்ச நேரம் நிமிர மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் அடியில் கல் இருப்பதுபோல ஒரு பக்கமாகச் சரிவார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிக்கும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் வெளியே கேட்கும். அவளோடு படுத்து முடித்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ரொம்ப நாள் வரை அந்தச் சுளிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்து அவள் இன்னொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருந்தாள்.

வலியாக இருக்கலாம் என்று தோன்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அவர் வரவில்லை. ‘உனக்கில்லப்பா, அவளுக்குத்தான் காட்டப் போறோம்’ என்று மாமியார் மாற்றிச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வரவேற்பில் இருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

“நோயாளி பேரு?”

“இவரு பேரு…”

“அவர் நோயாளி இல்லம்மா. அவர் கணவர். உங்க பேரச் சொல்லுங்க.”

“இவருக்குத்தான் சிறுநீர் போறப்ப எரியுது. அடிவயித்துக்குக் கீழ வலிக்குது. உக்கார முடியல.”

நர்ஸ் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள். “நோயாளிக்கு எரிச்சல். நோயாளிக்கு வலி. நோயாளியால உக்கார முடியல.”

“எனக்கு இல்லீங்க!”

“உங்க பேர்லதானம்மா சீட்டு?” என்றாள் நர்ஸ், பொறுமையாக. “சீட்டு யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் வலிக்கும்.”

டிரைவருக்கு மெத்தை வைத்த நாற்காலி வந்தது. காஜாக்காரிக்கு முக்காலி. அவருக்குக் கண்ணாடித் தம்ளரில் பழச்சாறு வந்தது. அவளுடைய முழங்கையில் ஊசி இறங்கியது. இரண்டும் ஒரே தட்டில்தான் வந்தன.

அப்புறம் நர்ஸ் எழுந்து நின்று, இரண்டு கையாலும் ஒரு சட்டம் போட்ட காகிதத்தை டிரைவரிடம் நீட்டினாள். தங்கக் கரை, சிவப்பு முத்திரை. மேலே ‘வீரியச் சான்றிதழ்’ என்று இருந்தது. ‘இவர் எக்குறையும் அற்றவர் என மகிழ்வுடன் சான்றளிக்கிறோம்.’

“இதுக்கு ஏதாவது டெஸ்ட் எடுக்கணும்ல?” என்றாள் காஜாக்காரி.

“எடுப்போம். அந்த ரூமுக்குப் போய் சார் விந்து மாதிரி குடுப்பாரு.” நர்ஸ் ஒரு மூடியிட்ட கிண்ணத்தைக் காட்டினாள்.

“அப்ப மாதிரி குடுத்த பிறகுதானே சர்ட்டிபிகேட் தரணும்?”

நர்ஸ் முகத்தில் முதல்முறையாக அதிர்ச்சி தெரிந்தது. “பிறகு குடுத்தா நாங்க சாரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடாதா?”

மாமியார் மருமகளின் தொடையைக் கிள்ளினாள். “வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இரு.”

டிரைவர் அறைக்குள் போய்விட்டு வெளிறிப்போய் வந்தார். நெற்றியில் வியர்வை. கிண்ணத்தை நர்ஸ் பட்டுத்துணி விரித்த அலமாரியில், வரிசையாக இருந்த மற்றக் கிண்ணங்களோடு வைத்தாள். பக்கத்திலேயே ஒரு மைக்ரோஸ்கோப் உறை போட்டு நின்றது. உறை மேல் தூசி படிந்திருந்தது, தூசி மேல் யாரோ விரலால் பூ வரைந்திருந்தார்கள்.

“அதுல வெச்சுப் பாக்க மாட்டீங்களா?”

“பாத்தா தெரிஞ்சுடுமேம்மா” என்றாள் நர்ஸ்.

பெரிய டாக்டரம்மாவின் அறையில் சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள். கூர்ந்து பார்த்தால் எல்லாம் ஒரே குழந்தை, வேறு வேறு தொப்பி. டாக்டரம்மா டிரைவருக்கு எழுந்து கைகூப்பினார். காஜாக்காரியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். எல்லா நோயாளிக்கும் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன பேச்சு அது.

“நான் இந்த ஆஸ்பத்திரி ஆரம்பிச்சப்ப ஒரு ஆராய்ச்சி பண்ணேன். ஆம்பளையைச் சோதிச்சா என்ன ஆகுது? அவன் திரும்பி வர்றதில்ல. பொண்டாட்டியையும் விடறதில்ல. பொம்பளையைச் சோதிச்சா என்ன ஆகுது? திரும்பத் திரும்ப வர்றா. அடிச்சாலும் வர்றா, அறுத்தாலும் வர்றா. அப்ப நோய் யார்கிட்ட இருக்கு? வர்றவங்ககிட்டதான இருக்கும்? இதை நான் கண்டுபிடிக்க இருவது வருஷம் படிக்க வேண்டியிருந்தது.”

மாமியார் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் வாழ்நாள் முழுக்கச் சொன்னதையே இவ்வளவு படித்த ஒருத்தி சொல்கிறாளே என்கிற பூரிப்பு.

“டாக்டர், அவருக்கு வலிக்குதே…” என்று இழுத்தாள் காஜாக்காரி.

“வலிக்கும்மா. மனைவிக்கு நோய் இருந்தா கணவருக்கு வலிக்காதா? அதுக்குப் பேர்தான் பாசம். உனக்கு மாத்திரை எழுதறேன். நீ சாப்பிடு, அவருக்குச் சரியாயிடும்.”

காஜாக்காரி மாத்திரை சாப்பிட்டாள். கிருமியைக் கொல்லும் மாத்திரை, வீக்கத்தை வற்றவைக்கும் மாத்திரை, சிறுநீர் இளகி வர ஒரு மாத்திரை. அவளுக்குச் சிறுநீர் முன்பே இளகித்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது நிற்காமல் வந்தது. மெஷினை விட்டுவிட்டு மணிக்கு மணி ஓடினாள். வாந்தி வந்தது. தலை சுற்றியது. ஒரு கட்டுச் சட்டைக்குப் பொத்தான் துளை எல்லாவற்றையும் காலரிலேயே போட்டுவைத்தாள். சூப்பர்வைசர் அந்தச் சட்டைகளைத் தூக்கிக் காட்டி, “இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் தொங்கலாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் தொலைக்காட்சிக்கு மேலே சான்றிதழ் தொங்கியது. டிரைவர் அதற்குக் கீழே ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து, பல்லைக் கடித்தபடி அக்கறையாகக் கேட்டார்.

“உனக்கு எரிச்சல் கொறஞ்சுதா?”

“எனக்கு எப்பங்க எரிஞ்சுது?”

“டாக்டர் சொன்னாங்கல்ல. மறைக்காதடி. உனக்குச் சரியானாதான் எனக்குச் சரியாகும்.”

“அந்த மாத்திரையில பாதிய நீங்க போட்டுப் பாருங்களேன்.”

அவர் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. பயத்தோடு பார்த்தார். ஓட்டப்போகும் லாரிக்குப் பிரேக் இல்லை என்று யாரோ சொன்னதுபோல. பிறகு மேலே தொங்கிய தங்கக் கரையைப் பார்த்தார். பயம் போய்விட்டது. “ஆம்பளைக்கு எதுக்குடி அது?” என்றார்.

மாத்திரை அவருக்கு வேலை செய்யவில்லை என்பதால் ஆஸ்பத்திரி அவளுக்கு வைத்தியத்தைக் கூட்டியது. சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். குழாயில் அடைப்பில்லை. காற்று ஏற்றிப் பார்த்தார்கள். கருப்பையில் கோளாறில்லை. முட்டை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இவ்வளவு ஒழுங்காக இருப்பதே சந்தேகமாக இருக்கிறது என்று வயிற்றில் மூன்று துளை போட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மயக்கம் தெளிந்து கட்டுத்துணியை விலக்கிய காஜாக்காரிக்கு முதலில் தொழில் புத்திதான் முந்திக்கொண்டது. மூன்றும் மூன்று அளவு. விளிம்பெல்லாம் பிசிறு. அவள் இப்படிப் போட்டிருந்தால் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள்.

“உள்ள எல்லாம் நல்லா இருக்கு” என்றார் பெரிய டாக்டரம்மா, துக்கம் விசாரிக்கிற குரலில். “மனசைத் தளர விடாதம்மா. இன்னும் தேடுவோம்.”

எரிச்சல் குறையவில்லை என்று சீட்டில் இருந்ததால் அவளைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஜெனரேட்டருக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், ஒரு டாக்டர் இருந்தார். ஆண்களின் சிறுநீர்ப்பாதைக்கும் ஆண்மைக் கோளாறுக்கும் படித்தவர். கதவில் இருந்த பலகையில் ‘ஆண்கள்’ என்ற சொல்லின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது.

“உக்காந்தா வலிக்குதா?” என்றார்.

“இல்ல சார்.”

“விந்து வெளியேறும்போது?”

காஜாக்காரி அவரையே பார்த்தாள்.

“எனக்குத் தெரியும்மா. கேக்க வேண்டியது என் வேலை.” அவர் எழுந்து போய் ஜெனரேட்டரை ஓடவிட்டார். சுவர் அதிர்ந்தது. அந்த இரைச்சலில் அவள் காதருகே குனிந்து, படித்த படிப்பு முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

“உங்க வீட்டுக்காரருக்கு புராஸ்டேட் சுரப்பியில நாள்பட்ட அழற்சி இருக்கலாம். ஆம்பளைக்கு மட்டும் இருக்கற சுரப்பி, மூத்திரப்பைக்குக் கீழ. விந்துல ஒரு பங்கு தண்ணி அதுலேர்ந்துதான் வருது. உயிரணு நீந்தறது அந்தத் தண்ணியிலதான். சுரப்பி வருஷக்கணக்கா வீங்கிக்கெடந்தா தண்ணி கெட்டுப்போகும். சீழ் அணு சேரும். உயிரணு சோர்ந்துடும், சேதமாகும், எண்ணிக்கையும் கொறையலாம். எல்லாருக்கும் அப்படி ஆகாது. நெறைய பேர் அப்பாவாத்தான் ஆறாங்க. ஆனா பாக்கணும்மா. விந்தை ஒரு தடவை லென்ஸ்ல வெச்சுப் பாக்கணும். மூத்திரம் பாக்கணும். கிருமி இருந்தா அதுக்கேத்த மாத்திரை சில வாரம் அவரு சாப்பிடணும், நீங்க இல்ல. கிருமி இல்லேன்னாலும் வலிக்கு வழி இருக்கு. வைத்தியம் பண்ணா பல பேருக்குத் தேறுது.”

காஜாக்காரிக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிய அந்த முகம் நினைவுக்கு வந்தது. அது தன்னைப் பார்த்துச் சுளித்த முகம் அல்ல.

“இவ்வளவுதானா சார்?”

“இவ்வளவுதான்.”

“நாளைக்கே அவரைக் கூட்டிட்டு வர்றேன்.”

“இங்கயா? நான் இங்க சேந்ததுலேர்ந்து ஒரு ஆம்பளையத் தொட்டதில்ல. தொட்டா வேலை போயிடும். வீட்டுக் கடன் இருக்கு. பையன் டாக்டருக்குப் படிக்கிறான்.”

“அப்ப மேல வந்து இதையே சொல்லுங்க சார். என் வயித்தை இன்னொரு தடவை கிழிக்காம இருப்பாங்க.”

அவர் ஜெனரேட்டரை நிறுத்தினார். அமைதி வந்ததும் அவர் குரலும் மாறியது. “படுங்கம்மா. உங்களுக்கு ஸ்கேன் எடுக்கணும்” என்றார், கதவுக்கு வெளியே கேட்கிற மாதிரி.

வயிற்றில் களிம்பைத் தடவி, அந்தச் சுரப்பியை அவளிடம் தேடினார். நியாயமாகத் தேடினார். இடமும் வலமும் பார்த்தார், புரண்டு படுக்கச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவள் கண்ணைப் பார்க்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: ‘புராஸ்டேட் சுரப்பி காணப்படவில்லை.’

“நான் பொய் எழுதலம்மா” என்றார். அது உண்மைதான்.

மறுநாள் குடும்பம் முழுவதையும் கூப்பிட்டுப் பெரிய டாக்டரம்மா செய்தியைப் போட்டு உடைத்தார். நர்ஸ் தண்ணீர்த் தம்ளரோடு தயாராக நின்றாள்.

“காரணம் கிடைச்சிடுச்சு. குழந்தைக்கு ரொம்ப முக்கியமான ஒரு சுரப்பி. இவளுக்கு அது பிறவியிலேயே இல்ல.”

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி! சுரப்பி இல்லாதவளையா எங்க தலையில கட்டிட்டாங்க! எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இருக்கே!”

“உங்களுக்கு இருக்கா அத்தை?”

“எனக்கு இல்லாமயாடி இவனைப் பெத்தேன்?”

டாக்டரம்மா ஆமோதித்துத் தலையாட்டினார். “அம்மா சொல்றது லாஜிக். இன்னொன்னு சொல்றேன், பயந்துடாதீங்க. இந்த வருஷம் நாங்க சோதிச்ச ஒரு பொம்பளைக்குக்கூட இந்தச் சுரப்பி இல்ல. ஒருத்திக்கும் இல்ல! பொம்பளைங்க ஆரோக்கியம் எந்த நிலைமையில இருக்கு பாருங்க. இதைப் பத்தி நான் ஒரு பெரிய மாநாட்டுல பேசப்போறேன்.”

“அது ஆம்பளைக்கு இருக்கற சுரப்பி” என்றாள் காஜாக்காரி. “இவருக்கு அதுலதான் வீக்கம். கீழ இருக்கற டாக்டரே சொன்னாரு.”

கீழ்த்தளத்து டாக்டரை வரவழைத்தார்கள். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“நீங்க அப்படிச் சொன்னீங்களா?”

“ஜெனரேட்டர் சத்தத்துல அவங்களுக்கு என்ன கேட்டுதோ, மேடம்.”

டிரைவர் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காஜாக்காரி அவரைத் தனியாக நடைவழிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “ரெண்டு தெரு தள்ளி வேற ஆஸ்பத்திரி இருக்கு. நான் விசாரிச்சுட்டேன். அங்க ஆம்பளையத் தனியாப் பாக்கறாங்க. யாருக்கும் தெரியாது. சரியாப் போகக்கூடிய வலிங்க இது. குழந்தைகூட அப்புறம். மொதல்ல நீங்க நேரா உக்காரணும்ல?”

அவர் கண் கலங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “ரொம்ப வலிக்குதுடி” என்றார். முதல்முறையாகச் சொன்னார். குரல் ஒரு சின்னப் பிள்ளையுடையது போலிருந்தது. அந்தக் குரலுக்காக வயிற்றில் இன்னும் மூன்று துளை போட்டாலும் பரவாயில்லை என்று காஜாக்காரிக்குத் தோன்றியது.

அதற்குள் மாமியார் வந்துவிட்டாள். “அங்க போனா ஆம்பளையச் சோதிப்பாங்களாமே! சர்ட்டிபிகேட் வாங்கின பையனை நாசம் பண்ணப் பாக்கறியா?” டிரைவர் கையை விட்டுவிட்டார்.

அந்த வாரமே அவருக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு தூக்கிப் போட்டது. சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. அடிவயிறு பானைபோல உப்பியது. ஆட்டோவில் காஜாக்காரி ரெண்டு தெரு தள்ளிப் போகச் சொன்னாள். மாமியார் பித்தளை எழுத்துக்குப் போகச் சொன்னாள். டிரைவர் முனகிக்கொண்டே, “நமக்கு மரியாதை குடுத்த எடத்துக்கே போ” என்றார்.

ஆஸ்பத்திரி ஓடோடி வந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. அதில் காஜாக்காரியைப் படுக்க வைத்தார்கள்.

“எனக்கு இல்லீங்க! அங்க பாருங்க, அவரு விழப்போறாரு!”

“பதறாதீங்க. நோயாளி பதறினா ரத்த அழுத்தம் ஏறும்” என்று நர்ஸ் அவள் கையில் ஊசியைக் குத்திச் சொட்டு மருந்தைத் திறந்துவிட்டாள். டிரைவருக்கு மெத்தை நாற்காலி போட்டார்கள். உட்கார முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி மடிந்து நின்றார். பழச்சாறு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள்.

பெரிய டாக்டரம்மா வந்தார். காஜாக்காரியின் நெற்றியைத் தொட்டார். “காய்ச்சலே இல்ல. ரொம்ப முத்திடுச்சு” என்றார். “டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்துடலாம். நர்ஸ், நோயாளிக்குப் போடுங்க.”

காஜாக்காரி கணவரின் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். வீட்டில் அவள் கையால் தைத்த சட்டை.

“இங்க பாருங்க. ஒரே ஒரு வார்த்தை. ‘எனக்குத்தான் வலிக்குது’ன்னு இவங்க முன்னாடி சொல்லுங்க. நடைவழியில என்கிட்ட சொன்னீங்கல்ல, அதேதான். சொல்லிட்டா நான் உங்களை முதுகுல போட்டுக்கிட்டாவது அந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். கடைசி வரைக்கும் கூட இருப்பேன்.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“தாராளமாச் சொல்லுங்க சார்” என்றார் பெரிய டாக்டரம்மா, கனிவோடு. “இங்க யாரும் உங்களைத் தடுக்க மாட்டாங்க. சொல்லிட்டு அந்தச் சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் குடுத்துட்டாப் போதும்.”

டிரைவரின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை அவள் கை மேல் சொட்டியது. அம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மாவைப் பார்த்தார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

“அவளுக்குத்தான்” என்றார். “அவளுக்கு ரொம்ப வலிக்குது டாக்டர். சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க.”

காஜாக்காரி சட்டையை விட்டாள். கையிலிருந்த ஊசியை, நூலறுப்பது போல ஒரே இழுப்பில் பிடுங்கினாள். ரத்தம் வந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, கட்டிலிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. நோயாளி எழுந்து நடப்பது அந்த ஆஸ்பத்திரியில் புதிது, அதற்கு என்ன செய்வதென்று யாருக்கும் சொல்லித்தரவில்லை.

நடைவழிக்கு வந்த பிறகு பின்னாலிருந்து நர்ஸின் குரல் கேட்டது. “மேடம், கட்டில் காலி. சொட்டு மருந்து வீணாப் போகுது.”

“சார், வேற மனைவி இருக்காங்களா?” என்றார் பெரிய டாக்டரம்மா.

“இல்ல…” டிரைவரின் குரல், ஊளைக்கும் பேச்சுக்கும் நடுவில்.

“நோயாளி இல்லாம நாங்க எப்படி வைத்தியம் பண்றது? குடும்பத்துல வேற பொம்பளை யாரு இருக்கா?”

கட்டில் கிறீச்சிட்டது. மாமியாரின் வளையல்கள் கம்பியில் மோதி நொறுங்கின.

“ஐயோ, விடுங்கடி! எனக்கு இல்லீங்க! எனக்கு இல்லீங்க!”

“இப்பதான் உங்க பேர்ல சீட்டு போட்டோம்” என்றாள் நர்ஸ், பொறுமையாக. “காலை அகட்டி வைங்கம்மா. டியூப் போடணும்.”

திரும்பிப் போகலாமா என்று காஜாக்காரியின் கால் கேட்டது. வயிற்றில் இருந்த மூன்று துளைகளும் வேண்டாம் என்றன. அவள் வாசலைத் தாண்டிப் பித்தளை எழுத்துக்குக் கீழே வந்தபோது, உள்ளே மாமியாரின் அலறல் ஓய்ந்து, மகன் மூச்சிரைக்கக் கேட்பது தெளிவாகக் கேட்டது.

“அம்மா… உனக்கு இப்பக் கொஞ்சம் கொறஞ்சுதா?”